பிழையெனக் கொள்ளப்பட்ட வெப்பம்: 1982ஆம் ஆண்டு எல் நினோவும் செயற்கைக்கோள் கடல்வெப்பப் பதிவின் தொடக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

1982ஆம் ஆண்டில் பசிபிக் பெருங்கடலில் எழுந்த எல் நினோ, இருபதாம் நூற்றாண்டின் மிக வலிய எல் நினோக்களுள் ஒன்று. கடலை வானிலிருந்து நோக்கும் கருவிகள் இயங்கிக்கொண்டிருந்தபோதும், அது பல மாதங்கள் வளர்ந்த பின்னரே அறிஞர்களால் ஏற்கப்பட்டது. இத்தாமதத்தின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. செயற்கைக்கோள் தரவு, கப்பல் தரவு, நிலவிய கோட்பாடு ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளில் தவறின என்பதையும், அத்தவற்றைத் திருத்தும் முயற்சியிலிருந்தே இன்றைய கடல் வெப்ப அலை ஆய்வுக்குரிய பதிவு உருப்பெற்றது என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கடல் வெப்ப அலை, எல் நினோ, எல் சிச்சோன், செயற்கைக்கோள் பதிவு, சான்றாய்வு, மன்னார் வளைகுடா

மிகையும் இயல்பும்

கடல் வெப்ப அலை என்னும் கலைச்சொல் இன்று நாளிதழ்களிலும் இடம்பெறுகிறது. ஒரு கடற்பகுதியின் மேற்பரப்பு வெப்பநிலை, அப்பகுதிக்கும் அப்பருவத்துக்கும் உரிய நீண்டகாலப் பதிவின் உச்சப் பத்து விழுக்காட்டுக்குள் சென்று, ஐந்து நாள்களுக்குக் குறையாமல் நீடிக்குமாயின் அதனைக் கடல் வெப்ப அலை என்பர். ஆலிஸ்டர் ஹாப்டேயும் அவர்தம் குழுவினரும் 2016இல் முன்வைத்த இவ்வரையறையையே பெரும்பாலான ஆய்வாளர்கள் பின்பற்றுகின்றனர்.

இவ்வரையறையில் கருதத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. வெப்பநிலை இத்தனை டிகிரியைக் கடந்தால் அது வெப்ப அலை என்று அது கூறவில்லை. 30 டிகிரி செல்சியஸ் நீர் ஒரு கடலில் இயல்பானது. பிறிதொரு கடலில் 18 டிகிரியே மிகையானது. மிகையை அறிய வேண்டுமெனில் இயல்பு முன்னரே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அதனை எழுதியவர் யார், எக்காலத்தில் எழுதினார், எக்கருவியைக் கொண்டு எழுதினார் என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன. இவை ஆவணத்தை அணுகும் வரலாற்று மாணவர் கேட்கும் வினாக்களேயாம்.

உலகக் கடற்பரப்பு முழுவதையும் நாள்தோறும் காட்டும் பதிவு 1981 செப்டம்பரிலிருந்துதான் கிடைக்கிறது. அதனால் கடல் வெப்ப அலைகளை எண்ணிக் கூறும் ஆய்வுகள் பெரும்பாலும் 1982ஆம் ஆண்டையே தொடக்கமாகக் கொள்கின்றன. அத்தொடக்க ஆண்டிலேயே செயற்கைக்கோள், பசிபிக்கின் பெருவெப்பத்தைக் குளிர்ச்சி கலந்ததாகக் காட்டியது. கடல் வெப்ப வரலாற்றைப் பேசும் பொதுநூல்கள் இச்செய்தியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. சான்றாய்வு நோக்கில் இது விரித்து நோக்கத்தக்கது.

எல் சிச்சோன் வெடிப்பு

மெக்சிகோவின் தென்பகுதியான சியாப்பாசில் எல் சிச்சோன் எரிமலை உள்ளது. உயரத்தால் பெயர்பெற்ற மலையன்று; பல நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1982 மார்ச் 28 அன்று அது வெடித்தது. ஏப்ரல் 3, 4 ஆகிய நாள்களில் மேலும் கடுமையாக வெடித்தது. சுற்றியிருந்த சோக்கே பழங்குடியினரின் ஊர்கள் அழிந்தன. ஏறத்தாழ 2,000 பேர் உயிரிழந்தனர்.

வெளிவந்த பாறைக்குழம்பின் அளவை மட்டும் நோக்கின், 1980இல் அமெரிக்காவில் வெடித்த செயின்ட் எலன்சு மலையை விஞ்சியதாக இதனைக் கூற இயலாது. வேறுபாடு கந்தகத்தில் இருந்தது. செயின்ட் எலன்சு ஏறத்தாழ 10 இலட்சம் டன் கந்தக டை ஆக்சைடை உமிழ்ந்தது. எல் சிச்சோன் உமிழ்ந்தது ஏறத்தாழ 70 இலட்சம் டன். அவ்வாயு அடுக்குமண்டலத்தை அடைந்து, நீருடன் சேர்ந்து நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாயிற்று. அப்படலம் மேற்கு நோக்கி நகர்ந்து, மூன்று வாரங்களில் உலகை ஒருமுறை சுற்றி வந்தது. அது பரவிய பகுதி வெப்பமண்டலத்தின் மேல் அமைந்த ஒரு பட்டை. எல் நினோ தோன்றவிருந்த கடலும் அதே பட்டையின் கீழ்தான் இருந்தது.

எரிமலையே எல் நினோவைத் தூண்டியதா என்னும் விவாதம் பின்னர் எழுந்தது. அது இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது. எரிமலை எல் நினோவை மறைத்ததா என்பதே இங்கு வினா.

கருவி கண்டதும் கணித்ததும்

செயற்கைக்கோள் கடலைத் தொட்டு அளப்பதில்லை. நீர் உமிழும் அகச்சிவப்புக் கதிரின் வலிமையை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கிறது. கடலுக்கும் கருவிக்கும் இடையே வளிமண்டலம் நிற்கிறது. அதிலுள்ள நீராவி கதிரின் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. 11, 12 மைக்ரோமீட்டர் என்னும் இரு அலைநீளங்களில் நீராவி உறிஞ்சும் அளவு சற்றே வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கொண்டு, நீராவி மறைத்த பங்கைக் கணக்கிட்டு மீட்கலாம்.

1981 ஜூனில் ஏவப்பட்ட நோவா-7 செயற்கைக்கோளின் கதிர்வீச்சுமானி இவ்விரு அலைநீளங்களையும் தனித்தனியே அளக்க வல்லது. அமெரிக்கத் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் அவ்வாண்டு நவம்பரில் இப்புதிய கணிப்புமுறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எல் சிச்சோன் வெடித்தது அதற்கு அடுத்த ஐந்தாம் மாதத்தில். முறை புதியது, அதன்மீதிருந்த நம்பிக்கையும் புதியது.

அக்கணிப்பு நீராவியை அறியும். 25 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் கந்தக அமிலத் துளிகளை அறியாது. துளிகள் கதிரின் ஒரு பங்கைத் தடுத்தன. கருவியை அடைந்த கதிர் குறைந்தது. கதிர் குறைந்ததைக் கடல் குளிர்ந்ததாகக் கணினி எழுதிவைத்தது. பல இடங்களில் இப்பிழை 2 டிகிரிக்கும் மேற்பட்டது. கோயிற்சுவரில் எழுத்தின்மேல் அப்பிய சுண்ணாம்பையும் எழுத்தின் வடிவென வாசித்துவிட்ட படியை ஒப்ப, இங்குப் படலத்தின் குளிர்ச்சி கடலின் குளிர்ச்சியாகப் பதிவாயிற்று. கருவி பழுதுபடவில்லை என்பதை இங்கு வலியுறுத்துதல் வேண்டும். தன்னை அடைந்த கதிரை அது சரியாகவே அளந்தது. பிழை வாசிப்பில் நேர்ந்தது.

கப்பல்களும் கோட்பாடும்

செயற்கைக்கோள் ஏமாந்ததால் எல் நினோ தப்பிவிட்டது என்று கதையை இங்கேயே முடிப்பவர் உளர். அது பாதி உண்மை. கடலில் கப்பல்கள் சென்றுகொண்டிருந்தன. அவை கடல்நீரின் வெப்பநிலையை அளந்து வானொலி வழியே அனுப்பிக்கொண்டும் இருந்தன. அவற்றுள் சில, நீர் வழக்கத்தைவிட மிகச் சூடாக இருப்பதைத் தெரிவித்தன.

கப்பல் அளவீடுகளில் பிழைகள் மலிவது இயல்பு. எண் மாறிப் பதிவாகும். கப்பலின் இருப்பிடம் தவறாகக் குறிக்கப்படும். எந்திர அறையின் சூடு நீரில் ஏறும். ஆதலால் பல்லாண்டுச் சராசரியிலிருந்து குறித்த அளவுக்கு மேல் விலகிய எண்களைத் தள்ளிவிடும் சோதனை கணினியில் அமைக்கப்பட்டிருந்தது. நல்ல நோக்கத்துடன் அமைந்த சோதனை அது. ஆயின் 1982இல் சராசரியிலிருந்து மிகவும் விலகி நின்றது கடலேயாகும். உண்மையைக் கூறிய எண்கள், நம்பத்தகாதவை எனத் தள்ளப்பட்டன. செயற்கைக்கோளின் பிழைக்கு எரிமலையைக் காரணம் காட்டலாம். இதற்கு எரிமலை காரணமன்று. கடந்தகாலத்தின் சராசரியை நிகழ்காலத்தின் எல்லையாகக் கொண்ட வழக்கமே காரணம். இவ்விரண்டனுள் பின்னதே ஆழமான தவறு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மூன்றாவது தடை அறிவு சார்ந்தது. யூஜின் ராசுமுசன், தாமசு கார்ப்பென்டர் ஆகியோர் 1951 முதல் 1972 வரை நிகழ்ந்த ஆறு எல் நினோக்களைத் தொகுத்து, அவற்றின் பொதுப்போக்கை வரைந்தனர். அக்கட்டுரை வெளிவந்ததும் 1982ஆம் ஆண்டிலேதான். அதன்படி வெப்பம் ஆண்டின் முற்பகுதியில் பெருக் கடற்கரையில் தோன்றி, பின்னர் மேற்கு நோக்கிப் பரவ வேண்டும். கிளாசு வைர்ட்கி 1975இல் முன்வைத்த விளக்கமோ, எல் நினோவுக்கு முன்னர் வணிகக் காற்று வழக்கத்தினும் வலுத்து வீசி, மேற்குப் பசிபிக்கில் வெந்நீரைக் குவித்து வைக்கும் என்றது.

1982இல் இவ்விரண்டும் நிகழவில்லை. வணிகக் காற்று முன்கூட்டி வலுக்கவில்லை. பெருக் கரையில் ஆண்டின் முற்பகுதியில் வெப்பம் தோன்றவில்லை. நடுப்பசிபிக்கில் தோன்றிய வெப்பம் கிழக்கு நோக்கி நகர்ந்தது. வரிசையும் திசையும் மாறிவந்த நிகழ்வை, முன்னைய ஆறு நிகழ்வுகளைக் கற்றவர்கள் எல் நினோவென ஏற்கத் தயங்கினர். மறு ஆண்டு இந்நிகழ்வைக் குறித்து நேச்சர் இதழில் எழுதிய ஜார்ஜ் ஃபிலாண்டர், அதனை முறைபிறழ்ந்த எல் நினோ என்றே குறித்தார். ஆறு நிகழ்வுகளிலிருந்து முறை வகுத்துவிட்டு, ஏழாவது முறைபிறழ்ந்தது என்பது எவ்வளவு பொருந்தும் என்னும் ஐயம் எழாமலில்லை.

இம்மூன்று தடைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. கப்பல் கூறிய வெப்பத்தைச் செயற்கைக்கோள் உறுதிப்படுத்தவில்லை. செயற்கைக்கோள் காட்டிய குளிர்ச்சியைக் கோட்பாடு ஐயுறவில்லை. தனித்தனியே நின்றிருப்பின் ஏதேனும் ஒன்று மற்றொன்றைத் திருத்தியிருக்கக்கூடும்.

பறவைகள் நீங்கிய தீவு

கடலோரத்தில் வாழ்ந்தோருக்குச் செய்தி முன்னதாகவே எட்டியது. 1982 செப்டம்பர் இறுதியில், பெருவின் பைத்தா துறைமுகத்தில் நீரின் வெப்பம் ஒரே நாளில் ஏறத்தாழ 4 டிகிரி உயர்ந்தது. கிரிபாத்தி நாட்டைச் சேர்ந்த கிறித்துமசு தீவுக்கு நவம்பரில் சென்ற பறவையியலாளர் ரால்ஃப் சிரைபர், அங்கே கூடுகட்டி வாழும் கடற்பறவைகள் ஏறக்குறைய முழுவதும் நீங்கியிருக்கக் கண்டார். ஒரு கோடிக்கும் மேற்பட்டவை எனக் கணிக்கப்பட்ட கூட்டம் அது. குஞ்சுகள் கூடுகளிலேயே பட்டினியால் மடிந்துகொண்டிருந்தன. கடலின் மேல்நீர் வெந்து, அடியிலிருந்து வரும் சத்துநீர் நின்றுபோக, மீனும் கணவாயும் பறவைக்கு எட்டாது போயின.

அக்டோபர் மாதத்திலும் வல்லுநரிடையே ஒத்த கருத்து உருவாகவில்லை. தீவுகளில் கடல்மட்டம் அளக்கும் கருவிகளும், காற்றழுத்தப் பதிவுகளும், பெருவிலிருந்து வந்த செய்திகளும் ஒருங்கே ஒன்றைச் சுட்டத் தொடங்கிய பின்னரே ஐயம் நீங்கியது. அதற்குள் நடு, கிழக்குப் பசிபிக்கின் நிலநடுக்கோட்டு நீர் வழக்கத்தைவிட 3 டிகிரிக்கும் மேலாகச் சூடேறியிருந்தது.

விளைவுகள் பெரியன. வடபெருவும் எக்குவடோரும் மாதக்கணக்கில் வெள்ளத்தில் மூழ்கின. ஆசுதிரேலியா கடும் வறட்சியில் வாடியது. 1983 பிப்ரவரி 16 அன்று அதன் தென்கிழக்கில் மூண்ட காட்டுத்தீயில் 75 பேர் மாண்டனர். கலாபகசு தீவுகளில் பவளங்களுள் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை அழிந்தன. கிழக்குப் பசிபிக்கில் பவளங்கள் நிறமிழந்து வெளிறியதைத் தொடர்ந்து ஆராய்ந்த பீட்டர் கிளின், அதனை மிகைவெப்பத்துடன் இணைத்தார். பின்னாளில் செயற்கைக்கோள் வழியே பவள வெளிறல் குறித்து எச்சரிக்கை விடுக்கும் முறைக்கு அவ்வாய்வுகள் வித்திட்டன. முன்னரே அறிந்திருப்பின் இவ்வழிவு அனைத்தும் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று கூற முன்வருதல் பொருந்தாது. கடலின் வெப்பத்தை அறிவிப்பால் தணிக்க இயலாது. ஆயின் பெருவின் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் சில மாத முன்னறிவு கிட்டும் வாய்ப்பு இருந்தது, அது கைநழுவியது.

அதே எரிமலை, வேறொரு கருவி

இதே வெடிப்பைப் பற்றிய இன்னொரு செய்தியையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். 1978இல் ஏவப்பட்ட நிம்பசு-7 செயற்கைக்கோளில், ஓசோனின் அளவைப் படமாக்கும் கருவி ஒன்று இருந்தது. வெடிப்புக்குப் பின்னர் மெக்சிகோவின் மேல் ஓசோன் திடீரெனப் பெருகியதாக அது காட்டியது. அவ்வாறு பெருகக் காரணம் ஏதுமில்லை. ஆர்லின் குரூகர் அதனைப் பிழையெனத் தள்ளிவிடாமல் ஆராய்ந்தார். ஓசோனைப் போலவே புறஊதாக் கதிரை உறிஞ்சும் கந்தக டை ஆக்சைடையே கருவி கண்டிருக்கிறது என்பதைக் கண்டறிந்து, 1983இல் வெளியிட்டார். எரிமலைகள் உமிழும் கந்தகத்தை வானிலிருந்து அளக்கும் துறை இவ்வாறு தோன்றியது.

ஓர் எரிமலை, இரு கருவிகள். ஒன்றில் நம்பத்தகுந்ததாகத் தோன்றிய எண் பொய்த்தது. மற்றொன்றில் நம்பமுடியாத எண் புதிய அறிவாயிற்று. இதே ஓசோன் கருவி பின்னர் அண்டார்க்டிகாவின் மேல் மிகக் குறைந்த அளவுகளைப் பதிந்தபோது, அவை ஐயத்துக்குரியவை எனக் குறியிடப்பட்டன. 1985இல் ஓசோன் துளையை உலகுக்கு அறிவித்தவர்கள், தரையிலிருந்து அளந்த ஜோசப் ஃபார்மன் குழுவினர். கணினி அவ்வெண்களை அழித்துவிட்டது என்று வழங்கும் கதை சரியன்று. அவை அழிக்கப்படவில்லை, குறியிடப்பட்டு, ஆய்வுக்குக் காத்திருந்தன. அழிக்கப்பட்ட சான்றுக்கும் ஐயக்குறியுடன் காக்கப்பட்ட சான்றுக்கும் உள்ள வேறுபாடு, ஆவணக்காப்பகத்தில் பணிபுரிந்தோர் நன்கறிந்தது.

திருத்திய பதிவு

1982இன் அனுபவம் இரு வழிகளில் பயன்பட்டது. முதலாவது, கடலிலேயே சாட்சிகளை நிறுத்தும் முயற்சி. 1985இல் தொடங்கிய பத்தாண்டுப் பன்னாட்டுத் திட்டத்தின்கீழ், பசிபிக்கின் நிலநடுக்கோட்டை ஒட்டி ஏறத்தாழ 70 மிதவைகள் நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டன. இம்முயற்சிக்கு முன்னின்றவர் சுடான்லி ஹேசு. 1994 திசம்பரில் அவ்வரிசை நிறைவுற்றது. 1997இல் அடுத்த பேரளவு எல் நினோ எழுந்தபோது, அதன் வளர்ச்சியை உலகம் நாள்தோறும் கண்டது.

இரண்டாவது, பதிவைத் தொகுக்கும் முறையில் நேர்ந்த மாற்றம். ரிச்சர்டு ரெனால்ட்சு 1988இல் வெளியிட்ட முறையில், கப்பலும் மிதவையும் தந்த அளவுகள் நிலைப்புள்ளிகளாயின. அப்புள்ளிகளுக்கு இடையே வெப்பம் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்னும் வடிவம் செயற்கைக்கோளிலிருந்து பெறப்பட்டது. வானிலிருந்து வந்த சான்றுக்குப் பரப்பு உண்டு, அளவின் துல்லியம் ஐயத்துக்குரியது; கடலிலிருந்து வந்த சான்றுக்கு அளவு உண்டு, பரப்பில்லை. இரண்டையும் அவரவர் தகுதிக்கேற்ப எடுத்துக்கொண்ட இம்முறை, கல்வெட்டையும் இலக்கியத்தையும் ஒப்புநோக்கிக் காலத்தைத் துணியும் வரலாற்றாசிரியர் பணிக்கு நெருங்கியது. 1991 ஜூனில் பிலிப்பைன்சின் பினாதுபோ எரிமலை இன்னும் பெரிதாக வெடித்தபோது, செயற்கைக்கோள் அளவு மீண்டும் பிழைபட்டது. ஆயினும் இம்முறை அது பிழையென்றே அறியப்பட்டது.

இவ்வாறு செப்பம்செய்யப்பட்ட பதிவின் வழிவந்ததே, இன்று கால் டிகிரிக் கட்டங்களாக நாள்தோறும் வெளியாகும் தொகுப்பு. 2011இல் மேற்கு ஆசுதிரேலியாவில் கெல்ப் கடற்பாசிக் காடுகளை அழித்த வெப்பமும், 2013இன் பிற்பகுதியிலிருந்து வடகிழக்குப் பசிபிக்கில் தேங்கிநின்ற வெப்பத்திட்டும் இத்தகைய பதிவுகளைக் கொண்டே வரையறுக்கப்பட்டன. ஆக, இன்று நாம் காணும் வரைபடத்தின் 1982ஆம் ஆண்டு, அவ்வாண்டில் வானிலிருந்து கண்ட 1982 அன்று. பின்னர் திருத்தி எழுதப்பட்டது. இதனைக் குறையாகக் கூறவில்லை. மூலத்தைக் கையாளுவோர் பதிப்பின் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும் என்பதே கருத்து.

இன்று எழுந்துள்ள விவாதமும் இயல்பு எது என்பதைப் பற்றியதே. ஒரு முப்பதாண்டைத் தேர்ந்து அதனையே நிலையான அடிப்படையாகக் கொண்டால், கடல் தொடர்ந்து சூடேறுவதால் ஒருகாலத்தில் ஏறத்தாழ எல்லா நாளும் வெப்ப அலை நாளாகிவிடும். அடிப்படையையும் காலத்தோடு நகர்த்தினால், சூடேறிய கடலே இயல்பென எழுதப்பட்டுவிடும். பவளத்தைப் பொறுத்தவரை முதல்முறையே தகும் என்று தோன்றுகிறது. அதன் தாங்குதிறன் நம் சராசரியோடு சேர்ந்து விரைவாக நகர்வதில்லை.

மன்னார் வளைகுடாவில் இப்பதிவின் எல்லை

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் பங்கேற்று 2022இல் வெளிவந்த ஆய்வு, 1982 முதல் 2018 வரையிலான காலத்தில் மேற்கு இந்தியப் பெருங்கடலில் 66 கடல் வெப்ப அலைகளையும், வங்காள விரிகுடாவில் 94 கடல் வெப்ப அலைகளையும் எண்ணியது. 2020 மே மாதத்தில் எழுந்த வெப்ப அலையால் மன்னார் வளைகுடாவின் பவளங்களுள் 85 விழுக்காடு வெளிறியதையும் அது குறிப்பிட்டது. இவ்விழுக்காட்டை வானிலிருந்து பெறவில்லை. நீருக்குள் இறங்கிச் செய்த கள ஆய்வு தந்தது அது.

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான தீவுகள் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே அமைந்தவை. கால் டிகிரிக் கட்டம் ஒன்றின் பக்கம் ஏறத்தாழ 27 கிலோமீட்டர். அக்கட்டத்துள் தீவும், பவளத்திட்டின் ஆழமற்ற நீரும், வெளிக்கடலும் ஒருசேர அடங்கிவிடும். கரை கலந்த கட்டமாயின் அளவே ஐயத்துக்குரியதாகும். அண்மைக்காலத்தில் 5 கிலோமீட்டர் கட்டங்கள் வந்துள்ளன. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2011 முதல் பவள வெளிறல் குறித்து அறிவிப்புகளை வெளியிட்டு வருகிறது. ஆயினும் 1982 முதலான நீண்டகால இயல்பு பெரும்பாலும் பழைய பெருங்கட்டங்களைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது.

செயற்கைக்கோளுக்கு முன்னர் இக்கடலுக்குப் பதிவே இல்லை என்று கருதிவிடலாகாது. மண்டபத்தில் இயங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள், 1950களில் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா ஆகியவற்றின் கரையோர நீரை ஆராய்ந்து, உப்புத்தன்மையும் கரைந்த உயிர்வளியும் பருவந்தோறும் மாறுவதை அச்சில் வெளியிட்டனர். அதற்கும் முன்னர், முத்துச்சலாபத்தின் பொருட்டுச் சென்னை மாகாண மீன்துறையின் ஜேம்சு ஹார்னெல் முதலானோர் முத்துப்பார்களைக் கண்காணித்து அறிக்கைகள் எழுதினர். 1982இல் தொடங்கும் கணக்கில் இவ்வேடுகளுக்கு இடமில்லை. மன்னார் வளைகுடாவின் இயல்பை எழுதப்புகும் ஆய்வாளர் அவற்றைத் திறந்து, அளந்த இடத்தையும் பருவத்தையும் முறையையும் ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் இன்றும் சங்குகுளிக்கும் முதியவர்களிடம், எந்த ஆண்டில் பார் வெளுத்தது, எந்த ஆண்டில் அடிநீர் சுட்டது என்று கேட்டு எழுதும் பணியும் எஞ்சியிருக்கிறது.